பழைய காருக்கு மறுபதிப்பு டயர்

1961-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா நகரில் நடந்த கார்க் கண்காட்சியில் பிரிட்டனின் ஜாகுவார் நிறுவனம் 'ஈ-டைப்' என்னும் காரை முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைத்தது. மணிக்கு 150 மைல், அதாவது ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகம் செல்லும் என்று விளம்பரம் செய்யப்பட்ட கார் அது. கம்பிச் சக்கரங்களும் அவற்றின்மீது 6.40-15 அளவுள்ள டன்லப் 'ஆர்எஸ் 5' டயர்களும் அதற்குப் பொருத்தப்பட்டிருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கார்களில் பல இன்னும் ஓடுகின்றன. இன்ஜின் தேய்ந்தால் கழற்றிச் சீர்செய்யலாம். தகடு துருப்பிடித்தால் வெட்டி ஒட்டலாம். டயரை மட்டும் அப்படிச் செய்ய இயலாது. புதிதாக வாங்கியே தீரவேண்டும். ஆனால் அந்த அளவு இன்றைய சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை.

இத்தேவைக்காகவே ஒரு தனித் தொழில் வளர்ந்துள்ளது. அச்சில் இல்லாத நூலை மறுபதிப்புச் செய்வதைப் போல, பழைய டயரை அதே அளவிலும் அதே பட்டன் அமைப்பிலும், பக்கச் சுவரில் அதே எழுத்துகளுடனும் மீண்டும் வார்த்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1958-இல் தொடங்கப்பட்ட கோக்கர் நிறுவனம் இத்தொழிலில் பெயர் பெற்றது. சில டயர்களுக்கு அந்தக் காலத்து அச்சுகளே பயன்படுகின்றன. சிலவற்றுக்குப் புதிய அச்சு வெட்டப்படுகிறது. உருவம் பழையதானாலும் உள்ளே இருக்கும் ரப்பர்க் கலவை இக்காலத்தது. தொடக்க காலத்துப் பருத்தி நூலின் இடத்தில் இன்று நைலான், பாலியஸ்டர் போன்ற இழைகள் உள்ளன.

'காருடன் வந்த டயரே பட்டன் தேயாமல் இருக்கிறதே, அதையே ஓட்டினால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. மொட்டை டயர் ஆபத்தானது என்பது எல்லோருக்கும் தெரியும். மொட்டையாகாத டயரும் கிழடாகும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பர் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிகளைத் தாக்குகின்றன. ரப்பர் இறுகுகிறது, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன. இதைத் தடுப்பதற்காக ரப்பரில் மெழுகு போன்ற பொருள்களைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை சிறிது சிறிதாக மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படியும். ஆகவே ஓடாமல் கொட்டகையில் நிற்கும் காரின் டயருக்கு அந்தப் பாதுகாப்புக் குறைவு. வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை இதுதான்.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி மூவர் உயிரிழந்தனர். அதன் முன்சக்கரத்தில் வெடித்த டயரின் வயது 19 ஆண்டுகளுக்கு மேல் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர்களுக்குத் தடை உள்ளது. டயரின் பக்கச் சுவரில் வயது பொறிக்கப்பட்டிருக்கும். 2000-க்குப் பின் வந்த டயர்களில் அது நான்கு இலக்கம்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மறுபதிப்பு டயர் சிறு அளவில் உற்பத்தியாகிக் கிடங்கில் நெடுநாள் தங்கக்கூடியது. எனவே வாங்குமுன் இந்த எண்ணைப் பார்த்தே ஆகவேண்டும்.

அடுத்தது அளவு. 6.40-15 என்றால் டயரின் அகலம் 6.40 அங்குலம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். நம் அம்பாசடர் காரின் 5.90-15 டயரைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதன்று. இந்த எண்கள் சொல்லாத ஒன்று உண்டு, அது உள்ளமைப்பு. பழைய டயரில் இழை அடுக்குகள் கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிடும். இதைக் 'கிராஸ்-பிளை' என்பர். ரேடியல் டயரில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். அவற்றின்மேல், பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டைபோல, ஓர் உறுதியான பட்டை பட்டனுக்கு அடியில் சுற்றிவரும். பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946-இல் இதற்குக் காப்புரிமை கோரி 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கார் திரும்பும்போது ரேடியல் தரையை இறுகப் பற்றும்; கிராஸ்-பிளை சற்று நழுவிக் கொடுக்கும். அந்தப் பற்றுதலின் பாரம் முழுவதும் ரிம்மையும் ஆரக்கம்பிகளையும் சென்றடைகிறது. 1930-களின் காருக்கு, என் கருத்தில், கிராஸ்-பிளையே ஏற்றது. அதன் சக்கரமும் ஸ்டியரிங்கும் அந்த நழுவலை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டவை. ஈ-டைப்பின் கதை வேறு. ஜாகுவார் நிறுவனமே 1960-களின் நடுவில் 185-15 அளவுள்ள டன்லப் ரேடியலுக்கு மாறிவிட்டது. ஆகவே அதற்கு ரேடியல் போடுவது காலப் பிழையாகாது. எதைத் தேர்ந்தாலும் நான்கும் ஒரே வகையாக இருக்கவேண்டும். முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்-பிளையும் போட்டால், வளைவில் முன்பக்கம் பற்றி நிற்கப் பின்பக்கம் சறுக்கிக் கார் சுழன்றுவிடும்.

டயர் வந்துவிட்டது, பொருத்தியும் ஆயிற்று. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் 90, 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது. காரணம் என்ன?

டயரின் மேற்பரப்பில் ஓரிடத்தில் 30 கிராம் ரப்பர் கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். கவணில் கட்டிய கல்லைப்போல அது சுழலும்போது வெளிநோக்கி இழுக்கும். அச்சிலிருந்து அதன் தூரம் ஏறத்தாழ 33 செ.மீ. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 13 முறை சுற்றுகிறது. கணக்கிட்டால் அந்த 30 கிராமின் இழுப்பு ஏறத்தாழ 7 கிலோகிராம் எடைக்குச் சமம்! வேகத்தின் இருமடிக்கேற்ப இது மாறுவதால், 50 கி.மீ. வேகத்தில் இரண்டு கிலோகிராமுக்கும் குறைவு, 200 கி.மீ. வேகத்தில் 28 கிலோகிராம். மேலும் ஒரு செய்தி: ஸ்பிரிங்கில் தொங்கும் சக்கரத்துக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு, அது நொடிக்குப் பத்து முதல் பதினைந்து வரை. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் வீச்சு பெருகுவதுபோல, இரண்டும் ஒத்துவரும் வேகத்தில் நடுக்கம் பெரிதாகிறது.

எதிர்ப்புறத்தில் சிறு உலோக எடை வைத்து இதைச் சரிசெய்கிறார்கள். எடை வைக்கும் ரிம்மின் ஆரம் 19 செ.மீ.தான் என்பதால் 30 கிராமுக்கு எதிராக ஏறத்தாழ 52 கிராம் வேண்டும். இதுவும் போதாது. கூடுதல் ரப்பர் சக்கரத்தின் உட்பக்கத்திலும் எதிர் எடை வெளிப்பக்கத்திலும் இருந்தால், நிற்கும் சக்கரம் சமநிலையில் இருப்பதாகவே காட்டும். சுழலத் தொடங்கியதும் பம்பரம் தள்ளாடுவதுபோல இடம் வலமாக ஆடும். ஆகவேதான் சக்கரத்தைச் சுழலவிட்டு, உள், வெளி ஆகிய இரு விளிம்புகளிலும் தனித்தனியே எடை வைக்கவேண்டியுள்ளது.

கம்பிச் சக்கரத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. காரில் அது உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு கூம்புப் பரப்புகளில் அமர்ந்து மையம் கொள்கிறது. பேலன்சிங் எந்திரத்தில் அதற்கேற்ற கூம்புகள் இல்லாமல், நடுத்துளையின் ஓரத்தைப் பிடித்து மாட்டினால் சக்கரம் மையம் விலகிச் சுழலும். எந்திரம் அந்தத் தவறான மையத்துக்கே எடை கேட்கும். வேலை முடிந்ததாக முள் சுழியைக் காட்டும். சாலையில் நடுக்கம் அப்படியே இருக்கும். ஒரே சக்கரத்தைக் கழற்றி மீண்டும் மாட்டிச் சுழற்றும்போது வேறொரு இடத்தில் எடை கேட்டால், பழுது டயரில் இல்லை, மாட்டிய முறையில் இருக்கிறது.

எடை சரியாக இருந்தும் வடிவம் சரியில்லாமற் போவதும் உண்டு. முட்டை வடிவச் சக்கரத்தையும் எடை வைத்துச் சமநிலைப்படுத்திவிடலாம். அது உருளும்போது கார் குதிக்கத்தான் செய்யும். எனவே முதலில் ஆரக்கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் ரிம்மை நேராக்கவேண்டும். பிறகு டயரை மெல்லச் சுற்றி அதன் மேட்டைக் கண்டு, ரிம்மின் பள்ளத்துக்கு நேராக அந்த மேடு வருமாறு திருப்பிப் பொருத்தவேண்டும். அப்போதும் மேடு மிஞ்சினால் கத்தியுள்ள எந்திரத்தில் சுழற்றி ரப்பரைச் சீவிவிடுவதும் உண்டு. புது டயரைச் சீவ மனம் வராதுதான்.

ஆரக்கம்பிகள் செருகிய துளைகளின் வழியே காற்றுக் கசியும் என்பதால் இச்சக்கரங்களுக்கு ட்யூப் தேவை. ரேடியல் டயருக்கு அதற்குரிய ட்யூபே வேண்டும். டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டுகளை முன்னதாகவே பிய்த்தெடுத்துவிட வேண்டும். அந்தச் சிறு விளிம்பு உராய்ந்தே ட்யூப் ஓட்டையாகிவிடும்.

நைலான் இழை டயர்கள் நின்ற இடத்தில் தரையைத் தொட்ட பக்கம் சற்றுத் தட்டையாகிவிடும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் அது மறையும். ஆகவே வாரக்கணக்கில் நின்ற காரை நேராகப் பேலன்சிங் செய்யக் கொண்டுபோகாமல், பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, சூடு ஆறுமுன் சக்கரத்தைக் கழற்றி எந்திரத்தில் ஏற்றவேண்டும்.