ரயில் நின்னு போன தடத்துல சைக்கிள்: சரிவுக் கணக்கும் ஒரு சட்டமும்

இன்னைக்கு டாபிக் கிராவல் பைக்கிங். கிராவல் பைக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லிடறேன். ரோடு பைக் மாதிரியே வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா டயர் மட்டும் 35-லேர்ந்து 45 மில்லிமீட்டர் வரைக்கும் அகலமா இருக்கும். தார் ரோடுலயும் ஓட்டலாம், ஜல்லிப் பாதையிலயும் ஓட்டலாம்.

இந்த சைக்கிளுக்குப் பேர்போன நீண்ட ரூட்களைப் பார்த்தீங்கன்னா, நிறைய ரூட் ஒரு ஆற்றை ஒட்டியே போகும். அதுல பலதும் ஒரு காலத்துல ரயில் ஓடின தடம். ஏன் இப்படி? ரயில் நின்ன பிறகு அந்தத் தடம் துண்டு துண்டா போகாம எப்படி தப்பிச்சது? அமெரிக்காவுல இருக்கற ரெண்டு பாதையை வச்சு இதைப் புரிஞ்சுக்கலாம்.

முதல் பாதை, கிரேட் அலிகேனி பாஸேஜ். சுருக்கமா 'கேப்'னு சொல்வாங்க. பென்சில்வேனியாவுல இருக்கற பிட்ஸ்பர்க்லேர்ந்து மேரிலாந்துல இருக்கற கம்பர்லேண்ட் வரைக்கும் 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். நடுவுல அலிகேனி மலைத்தொடர் குறுக்கே நிக்குது. அந்த மலையை இந்தப் பாதை யாக்கியோகேனி, காசல்மன்னு ரெண்டு ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா ஏறிக் கடக்குது. கன்ஃப்ளூயன்ஸ்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. அந்த ரெண்டு ஆறும் ஒரு ஓடையும் சேர்ற கூடுதுறை அது. ஊர் பேருக்கே அர்த்தம் அதுதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். இரும்புத் தண்டவாளத்து மேல இரும்புச் சக்கரம் ஓடும்போது உராய்வு ரொம்ப கம்மி. சமதளத்துல அது வரம், ஏற்றத்துல அதே சாபம். சரிவு கொஞ்சம் கூடினாலே சக்கரம் வழுக்கும். நம்ம ஊட்டி மலை ரயிலையே எடுத்துக்குங்க. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல ஏற்றம் 12-க்கு 1, அதாவது சுமார் 8 சதவீதம். அதனாலதான் அங்க நடுவுல பல் வச்ச தண்டவாளம் போட்டு, பல்சக்கரத்தால இழுத்து ஏத்தறாங்க. நீளமான சரக்கு ரயில் ஓட்டணும்னா அப்படி முடியாது. சரிவை 2 சதவீதத்துக்குள்ள வைக்கப் பார்ப்பாங்க.

மலையில 2 சதவீதச் சரிவு எங்க கிடைக்கும்? ஆத்தங்கரையில. ஆறு பல லட்சம் வருஷமா பாறையை அறுத்து அறுத்து ஒரு வழி போட்டு வச்சிருக்கு. ரயில்வே இன்ஜினியர் அந்த வழியைப் பிடிச்சுக்கிட்டார். ஆறு கைவிட்ட இடத்துல மட்டும் பாலமும் சுரங்கமும் போட்டார். 'கேப்' பாதையில பிக் சாவேஜ்னு ஒரு சுரங்கம் இருக்கு, நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். காசல்மன் பள்ளத்தாக்குக்கு மேல சாலிஸ்பரி வயடக்ட்னு ஒரு பாலம், 580 மீட்டர் நீளம்.

இதனால சைக்கிள்காரருக்கு என்ன லாபம்? நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோன்னு வச்சுக்கலாம். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். 8 சதவீத ஏற்றத்துல புவியீர்ப்பை எதிர்த்து ஏற மட்டுமே கிட்டத்தட்ட 295 வாட்ஸ் வேணும். பழக்கமில்லாத ஆளுக்கு அது சில நிமிஷம்கூட தாங்காது. அதே வேகத்துல 1.5 சதவீத ஏற்றத்துக்கு 55 வாட்ஸ்தான். ஜல்லியோட இழுவையையும் காத்தையும் சேர்த்தாலும் 110, 120-க்குள்ள முடிஞ்சுடும். வாரக் கடைசியில மட்டும் சைக்கிள் எடுக்கறவங்களும் மணிக்கணக்கா ஓட்டக்கூடிய அளவு இது. நீராவி இன்ஜினுக்காகப் போட்ட சரிவு உங்க முழங்காலுக்கும் சரியா பொருந்துது.

அடுத்த கேள்வி, தடம் எப்படி தப்பிச்சது? 1916-ல அமெரிக்க ரயில் பாதைகளோட மொத்த நீளம் சுமார் 2,54,000 மைல். அதுதான் உச்சம். அப்புறம் லாரியும் காரும் வந்ததும் சுருங்க ஆரம்பிச்சுது. 'கேப்' இருக்கற பள்ளத்தாக்குல ரெண்டு போட்டிக் கம்பெனிகள் ஆத்துக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியா தண்டவாளம் போட்டிருந்தாங்க. பின்னாடி ரெண்டும் ஒரே நிர்வாகத்துக்குக் கீழ வந்துச்சு. ஒரே ரூட்டுக்கு ரெண்டு லைன் எதுக்குன்னு, டூப்ளிகேட் ஃபைலை டெலிட் பண்ற மாதிரி, வெஸ்டர்ன் மேரிலாந்து லைனை 1975-ல மூடிட்டாங்க. எதிர்க்கரை லைன்ல இன்னைக்கும் ரயில் ஓடுது.

லைனை மூடறதுல ஒரு சிக்கல் இருக்கு. அமெரிக்காவுல பல இடங்கள்ல ரயில்வே கம்பெனிக்கு நிலம் சொந்தம் கிடையாது, ரயில் ஓட்டற உரிமை மட்டும்தான். ரயில் நின்னா உரிமையும் முடிஞ்சுது, நிலம் பக்கத்து நிலத்துக்காரருக்குப் போயிடும். ஒருத்தர் வேலி போடுவார், இன்னொருத்தர் கொட்டகை கட்டுவார். 200 மைல் நீளத்துல நாலு இடத்துல அறுந்தாலே அது பாதை இல்ல, வெறும் துண்டுகள். திரும்ப ஒட்ட வைக்கறது ரொம்பக் கஷ்டம். 'கேப்' அதுக்கு நல்ல உதாரணம். முதல் துண்டு திறந்தது 1986-ல, முழுசா இணைஞ்சது 2013-ல. நடுவுல 27 வருஷம்!

1983-ல அமெரிக்க நாடாளுமன்றம் தேசியப் பாதைகள் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்துச்சு. இதை 'ரயில்பேங்கிங்'னு சொல்வாங்க. ஒரு அரசு அமைப்போ தனியார் அமைப்போ தடத்தோட பொறுப்பை ஏத்துக்கிட்டா, லைன் கைவிடப்பட்டதா கணக்கு வராது. 'தற்காலிகமா நடைபாதை, எப்போ வேணாலும் ரயில் திரும்ப வரலாம்'னு எழுதி வச்சுடுவாங்க. ரயில்வே உரிமை சாகாததால தடம் உடையாது.

ரெண்டாவது பாதை இதுக்கு உதாரணம். மிசௌரியில கேட்டி டிரெயில். எம்.கே.டி. ரயில்வேங்கற பேர்லேர்ந்து வந்த செல்லப் பேர் அது. 1986 வெள்ளத்துல லைன் சேதமாச்சு, கம்பெனி சேவையை நிறுத்திடுச்சு. மாநில அரசு புது சட்டத்தைப் பயன்படுத்தி, சுமார் 200 மைல் தடத்தை ஒரே வீச்சுல வாங்கிடுச்சு. நாலு வருஷத்துல, 1990-ல, முதல் பகுதி திறந்தாச்சு. இப்போ மொத்த நீளம் சுமார் 385 கிலோமீட்டர், அதுல பெரும்பகுதி மிசௌரி ஆத்துக்குப் பக்கத்துலயே போகுது.

நிலத்துக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு. ரயில் போனா நிலம் நமக்குன்னு நம்பி இருந்தவங்க வாசல்ல திடீர்னு ஊர்ல இருக்கறவங்க எல்லாம் சைக்கிள்ல போறாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1990-ல வந்த தீர்ப்பு: சட்டம் செல்லும், ஆனா நிலத்துக்காரர் அரசுகிட்ட நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். பாதையும் பிழைச்சுது, இழப்புக்கு ஒரு விலை உண்டுன்னும் ஒப்புக்கிட்டாங்க.

அமெரிக்காவுல இருக்கறவங்க, போகப் போறவங்களுக்கு நாலு டிப்ஸ்:

ஒண்ணு, எந்தப் பக்கம் ஆரம்பிக்கறதுன்னு யோசிங்க. 'கேப்' பாதையோட உச்சி 729 மீட்டர். கம்பர்லேண்ட்லேர்ந்து வந்தா 38 கிலோமீட்டர்ல சுமார் 530 மீட்டர் ஏறணும். பிட்ஸ்பர்க்லேர்ந்து வந்தா கிட்டத்தட்ட அதே உயரத்தை 200 கிலோமீட்டர்ல நிதானமா ஏறலாம்.

ரெண்டு, பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலத்துல மூடிடுவாங்க. தேதி பார்த்துட்டு கிளம்புங்க, லைட் கண்டிப்பா வேணும்.

மூணு, ரெண்டு பாதையும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் பொடி. நல்ல மழைக்கு அப்புறம் மாவு மாதிரி இளகி டயரை இழுக்கும், ஒரு நாள் தூரத்தைக் குறைச்சே பிளான் பண்ணுங்க.

நாலு, கம்பர்லேண்ட்லேர்ந்து வாஷிங்டன் வரைக்கும் இன்னும் 297 கிலோமீட்டர் தொடரலாம். ஆனா அது ரயில் தடம் இல்ல, கோவேறு கழுதைகள் படகு இழுத்த பழைய கால்வாய்க் கரை. மண் பாதைங்கறதால மழை பெய்ஞ்சா சேறுதான், அதுக்குத் தகுந்த அகலமான டயர் போட்டுக்குங்க.

கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!