நிலவரி யாருக்கு? சுவீடனின் அரசர், பிரபு, குடியானவர்

1680ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் கூடியிருந்த சுவீடன் நாட்டு அவை ஒரு பெரிய முடிவை எடுத்தது. அரசர்கள் பல தலைமுறைகளாகப் பிரபுக்களுக்கு வாரி வழங்கிய பெருநிலங்களை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதே அந்த முடிவு. அதை விடாமல் கேட்டு வந்தவர்கள் குடியானவர்கள், பாதிரிமார், நகர வணிகர்கள். அவர்களோடு சேர்ந்து நின்றவர் அப்போது 25 வயதை எட்டிய அரசர் 11ஆம் கார்ல். நாட்டிலேயே செல்வாக்கு மிகுந்த குடும்பங்கள் அதைத் தடுக்க வழியில்லாமல் நின்றன.

இந்த முடிவு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், 1523 முதல் 1792 வரையிலான சுவீடன் அரசியலின் போக்கு பெருமளவு பிடிபட்டுவிடும். அந்தக் காலத்தை அரசருக்கும் பிரபுக்களுக்கும் நடந்த இழுபறி என்று சொல்வது வழக்கம். அதில் மூன்றாவது தரப்பும் ஒன்று உண்டு: நாட்டு அவையில் தனக்கென்று இடம் வைத்திருந்த குடியானவர். அவரை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் எதற்கும் காரணம் கிடைக்காது.

நான்கு பிரிவு, மூன்று வகை நிலம்

சுவீடனின் நாட்டு அவைக்கு ரிக்ஸ்டாக் என்று பெயர். அதில் நான்கு பிரிவுகள்: பிரபுக்கள், திருச்சபையினர், நகரத்தார், குடியானவர்கள். நான்கும் தனித்தனியே கூடிப் பேசும். ஒவ்வொன்றும் தன் முடிவைத் தனியாகச் சொல்லும். ஐரோப்பாவின் பல நாடுகளில் இப்படிப்பட்ட அவைகள் இருந்தாலும், குடியானவர்கள் தாங்களே ஆட்களைத் தேர்ந்தெடுத்துத் தனிப் பிரிவாக உட்காருவது அரிது.

நிலம் மூன்று வகை. குடியானவருக்கே சொந்தமாகி அரசுக்கு வரி கட்டும் நிலம் ஒன்று. அரசுக்குச் சொந்தமாகிக் குடியானவர் குத்தகைக்கு உழும் நிலம் இன்னொன்று. மூன்றாவது பிரபுவின் இறையிலி நிலம். அங்கே உழுபவர் பிரபுவுக்குக் குத்தகையும் உழைப்பும் கொடுப்பார்.

அவையில் இடம் கிடைத்தது முதல் இரண்டு வகை நிலத்தில் இருந்த குடியானவர்களுக்கு மட்டுமே. பிரபுவின் நிலத்தில் இருந்தவருக்கு இடமில்லை; அவருக்காகப் பிரபுவே பேசுவார் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு பண்ணை அரசிடமிருந்து பிரபுவின் கைக்குப் போனால் அரசுக்கு வருமானம் போயிற்று, அங்கிருந்த குடியானவருக்கு அவையில் குரலும் போயிற்று. இந்த ஒரு விதிதான் நிலப் பிரச்சினையை அரசியல் பிரச்சினையாக மாற்றியது.

வாசா குடும்பம் அரியணை ஏறியது

1397 முதல் டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றும் கால்மார் ஒன்றியம் என்ற பெயரில் ஒரே அரசரின் கீழ் இருந்தன. 1520 நவம்பரில் டென்மார்க் அரசர் 2ஆம் கிறிஸ்டியன், தன்னை எதிர்த்த சுவீடன் பிரபுக்கள், ஆயர்கள், நகரத்தார் என ஏறக்குறைய நூறு பேரை ஸ்டாக்ஹோமில் கொன்றார். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் குஸ்தாவ் வாசாவின் தந்தை. மகன் வடமேற்கே தாலார்னா பகுதிக்குப் போய் அங்குள்ள குடியானவர்களைத் திரட்டிக்கொண்டு போரிட்டார். 1523 ஜூன் 6 அன்று ஸ்ட்ரெங்னேஸ் நகரில் அவரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

போரில் பட்ட கடன் தலைக்கு மேல் இருந்தது. அன்று சுவீடனின் பண்ணைகளில் ஏறக்குறைய பாதி குடியானவர்களுக்குச் சொந்தம். ஐந்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு. அதே அளவு பிரபுக்களுக்கு. அரசிடம் இருந்தது மிகக் குறைவு. 1527இல் வெஸ்தரோஸ் நகரில் அவையைக் கூட்டிய குஸ்தாவ், திருச்சபையின் கோட்டைகளையும் சொத்துகளையும் அரசுக்குக் கொண்டுவந்தார். லூதரின் சீர்திருத்தம் சுவீடனில் வேரூன்ற வழி திறந்தது அங்கேதான். 1544இல் அதே நகரில், அரியணை இனிமேல் தன் வம்சத்துக்கே என்பதையும் உறுதி செய்துகொண்டார்.

அவரை அரியணை ஏற்றிய குடியானவர்கள் அவருக்கு எப்போதும் அடங்கி இருந்துவிடவில்லை. 1542இல் தெற்கே ஸ்மோலாந்து பகுதியில் நில்ஸ் டாக்கே என்பவரின் தலைமையில் பெரும் கலகம் மூண்டது. குஸ்தாவ் கொஞ்சகாலம் சமாதானம் பேச வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு படை திரட்டி அடக்கினார். குடியானவரைக் கலந்துகொள்ளாமல் இந்த நாட்டை ஆள முடியாது என்பது அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் நினைவில் இருந்தது.

குஸ்தாவுக்குப் பின் அவருடைய மகன்கள் ஒருவரையொருவர் கவிழ்த்தார்கள். 14ஆம் எரிக்கைத் தம்பி யோஹான் 1568இல் இறக்கினார். யோஹானின் மகன் சிகிஸ்முண்ட் போலந்துக்கும் அரசராக இருந்தார், கத்தோலிக்கரும்கூட. அவரைச் சித்தப்பா கார்ல் தோற்கடித்து, சிகிஸ்முண்டின் பக்கம் நின்ற ஐந்து பிரபுக்களின் தலையை 1600 மார்ச்சில் லின்ஷொப்பிங் நகரில் வெட்டினார். அதில் ஒருவர் குஸ்தாவ் பானேர். அவருடைய மகன் யோஹான் பானேர் பிற்காலத்தில், தந்தையைக் கொன்ற கார்லின் மகனுக்கே படைத்தலைவராகி, 1636இல் விட்ஸ்டாக் போரில் சுவீடனுக்குப் பெரிய வெற்றி தேடித் தந்தார். தலை வெட்டிய குடும்பமும் வெட்டுண்ட குடும்பமும் ஒரே தலைமுறையில் கைகோத்தது எப்படி?

போருக்குப் பணம், பிரபுவுக்கு நிலம்

அதைச் செய்து காட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்தக் கார்லின் மகன், 1611இல் 17 வயது நிரம்பும் முன்பே அரசரான 2ஆம் குஸ்தாவ் அடோல்ஃப். இன்னொருவர் அவருடைய தலைமை அமைச்சர் ஆக்செல் ஓக்சென்ஷேர்னா; 1612 முதல் 1654 வரை அந்தப் பதவியில் இருந்தவர். பிரபுக்களோடு சண்டை போடுவதைவிட அவர்களை அரசுப் பணிக்குள் இழுத்துக்கொள்வது நல்லது என்பது இவர்களின் வழி. உயர் பதவிகள் பிரபுக்களுக்கு. பதிலுக்கு அவர்கள் படையிலும் நிர்வாகத்திலும் உழைக்க வேண்டும்.

1626இல் பிரபுக்களின் பிரிவுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஓர் எண், ஒரு குலச்சின்னம், ஒரு தலைவர். ஸ்டாக்ஹோமின் பழைய நகரில் அவர்களுக்கென்று எழுந்த ரிட்டார்ஹூசெட் மாளிகையின் சுவர்களில் அந்தச் சின்னங்கள் இன்றும் வரிசையாகத் தொங்குகின்றன. பிரபுக்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு வாக்கு என்று வைத்தார்கள். மேல் வகுப்புகளில் குடும்பங்கள் சில. மூன்றாம் வகுப்பில் பல. மேலே இருந்தவர்கள் பெருநிலக்காரர்கள். கீழே இருந்தவர்களில் பலர் அரசின் சம்பளத்தை நம்பி வாழ்ந்தவர்கள். இந்தப் பிளவு பின்னால் வெடித்தது.

முப்பதாண்டுப் போரில் குஸ்தாவ் அடோல்ஃப் 1632இல் லுட்ஸன் களத்தில் இறந்தார். மகள் கிறிஸ்டினாவுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. ஓக்சென்ஷேர்னா நாட்டை நடத்தினார். போருக்குப் பணம் வேண்டும்; கையில் பணம் இல்லை; இருந்தது நிலமும் நிலவரியும்தான். அரசு அவற்றைப் பிரபுக்களுக்கு விற்றது. பணிக்குச் சம்பளமாகவும் வெகுமதியாகவும் கொடுத்தது. கிறிஸ்டினா 1644இல் தானே ஆளத் தொடங்கியபின் இது கட்டுமீறிப் போயிற்று. பிரபுக் குடும்பங்களின் எண்ணிக்கையே ஏறத்தாழ இரட்டிப்பானது. 1650களில் நாட்டின் பண்ணைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் வருமானம் பிரபுக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சொந்த நிலம் வைத்திருந்த குடியானவருக்கும் இது ஆபத்து. அவர் கட்டும் வரியை அரசு ஒரு பிரபுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், நாளடைவில் அந்தப் பிரபு அவரைத் தன் குத்தகையாளாகவே நடத்துவார். கடலுக்கு அப்பால் சுவீடன் வென்றெடுத்த லிவோனியாவில் குடியானவர்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாக இருந்தார்கள். அங்கே பழகிய பிரபுக்கள் அந்த முறையை இங்கேயும் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவியது.

1650இல் அவை கூடியபோது குடியானவர்கள், திருச்சபையினர், நகரத்தார் மூவரும் சேர்ந்து, கொடுத்த நிலத்தைத் திரும்ப வாங்குங்கள் என்று அரசியிடம் முறையிட்டார்கள். கிறிஸ்டினா அந்தக் கோபத்தைப் பிரபுக்களுக்கு எதிரான மிரட்டலாகப் பயன்படுத்தினார். தன் அத்தை மகன் கார்ல் குஸ்தாவின் வாரிசு உரிமையைப் பிரபுக்கள் ஏற்றுக்கொண்டதும் முறையீட்டைக் கைவிட்டுவிட்டார். 1654இல் அரியணையைத் துறந்து நாட்டை விட்டுப் போனார். முறையிட்டவர்களோ தங்கள் கோரிக்கையை மறக்கவில்லை.

கொடுத்ததைத் திரும்ப எடுத்த அரசு

கிறிஸ்டினாவுக்குப் பின் ஆண்ட கார்ல் குஸ்தாவின் மகன் 11ஆம் கார்ல் 1660இல் நான்கு வயதில் அரசரானார். அவர் வளரும்வரை நாட்டை நடத்திய பெருங்குடிப் பிரபுக்களில் முதன்மையானவர் மாக்னஸ் காப்ரியேல் டெ லா கார்டி. அரசரின் அத்தையை மணந்தவர். 1675இல் போர் வந்தபோதுதான் கஜானா காலி, கப்பற்படை சீர்கெட்டுக் கிடக்கிறது என்பதெல்லாம் வெளிப்பட்டது. டென்மார்க் படை தெற்கே இறங்கிவிட்டது. 1676 டிசம்பரில் லுண்ட் அருகே இளம் அரசர் தானே களத்தில் நின்று மிகுந்த உயிர்ச்சேதத்தோடு வென்றார். இந்த நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தவர்கள் யார் என்ற கேள்வியோடுதான் அவர் ஸ்டாக்ஹோம் திரும்பினார்.

1680இல் அவை கூடியது. மூன்று கீழ்ப் பிரிவுகளும் பழைய கோரிக்கையை மறுபடி வைத்தன. இம்முறை பிரபுக்களுக்குள்ளேயே சம்பளக்காரர்கள் பிரிந்து வந்தார்கள்; அரசிடம் பணமில்லை என்றால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள்தான். கோமான்களுக்கும் சீமான்களுக்கும் கொடுத்த ஆட்சிப்பகுதிகள் எல்லாம் திரும்ப வேண்டும். ஆண்டுக்கு 600 வெள்ளி டாலருக்கு மேல் வருமானம் தரும் மற்ற மானியங்களும் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. இந்த வரம்பு சிறிய பிரபுக்களைக் காப்பாற்றியது. அவர்களின் ஆதரவு கிடைத்ததற்கு அதுவும் காரணம். அடுத்து வந்த ஆண்டுகளில் சிறு மானியங்கள்மீதும் அரசின் கை நீண்டது.

டெ லா கார்டியின் கதையில் இதன் வேகம் தெரியும். வேனெர்ன் ஏரிக்கரையில் லெக்கோ கோட்டையும் அதைச் சுற்றிய நிலங்களும் 1615இல் அவர் தந்தைக்குக் கிடைத்தவை. மகன் அங்கே சிற்றாலயம் கட்டி, அறைகளை ஓவியங்களால் நிரப்பினார். கோதிக் மொழி விவிலியத்தின் புகழ்பெற்ற வெள்ளி எழுத்துச் சுவடியை வாங்கி உப்சாலா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவரும் அவரே. அந்த லெக்கோவும் மற்றப் பெருநிலங்களும் அரசுக்குப் போயின. கடைசியில் வென்கார்ன் மாளிகையில் மட்டும் வாழ அனுமதி பெற்று, 1686இல் அங்கேயே இறந்தார்.

திரும்ப வந்த நிலம் எங்கே போயிற்று?

அரசு அதைப் படைக்கு ஒதுக்கியது. ஒவ்வொரு மாகாணமும் இவ்வளவு காலாட்படை வீரர்களை எப்போதும் வைத்திருப்பதாக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. சில பண்ணைகள் சேர்ந்து ஒரு குழு. அந்தக் குழு ஒரு வீரனுக்குக் குடிசையும், பயிர் செய்யச் சிறு நிலமும், கூலியும் கொடுக்கும். போர் இல்லாத நாளில் அவன் அங்கேயே உழைத்து வாழ்வான். குதிரை வீரனை நிறுத்தும் பண்ணைக்கு வரியில் கழிவு. அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதில் அரசுப் பண்ணை. வீடும் விளைச்சலும் அவர்களுக்கு. அவர்கள் குடியிருக்கும் பண்ணைகளில் பல, பிரபுக்களிடமிருந்து வந்தவை.

11ஆம் கார்லின் ஆட்சி முடியும்போது பண்ணைகள் ஏறக்குறைய மூன்று சமபங்காக இருந்தன: அரசுக்கு ஒன்று, பிரபுக்களுக்கு ஒன்று, குடியானவருக்கு ஒன்று. இந்தச் சமநிலைக்குக் கொடுத்த விலையும் பெரிது. பிரபுக்களை அடக்கக் கிடைத்த அதே ஆதரவை வைத்து அரசர் அவையையும் அடக்கினார். 1693இல், கடவுளைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அரசர் அவர் என்று அவையே அறிவித்தது. லிவோனியாவில் நிலங்களைப் பறித்தது இன்னும் கடுமை. அதை எதிர்த்து மரண தண்டனை பெற்றுத் தப்பியோடிய பிரபு யோஹான் பாட்குல், சுவீடனின் எதிரிகளை ஒன்றுசேர்க்க ஓடியாடி உழைத்தார். 1700இல் டென்மார்க், சாக்சனி, ரஷ்யா மூன்றும் சேர்ந்து தாக்கின. அப்போது அரசராக இருந்த, 11ஆம் கார்லின் மகன் 12ஆம் கார்ல் 1709இல் போல்தாவாவில் தோற்று, 1718 நவம்பர் 30 அன்று நார்வேயில் ஒரு கோட்டை முற்றுகையில் சுடப்பட்டு இறந்தார். பேரரசு போயிற்று, அரசரின் தனியாட்சியும் அவரோடு முடிந்தது.

அரசரைவிட அவை பெரிதான காலம்

1719 முதல் 1772 வரையிலான காலத்தைச் சுவீடன் மக்கள் விடுதலைக் காலம் என்கிறார்கள். அவை ஆண்டது, அரசருக்கு ஆலோசனைக் குழுவில் இரண்டு வாக்கும், சமநிலை வந்தால் முடிவு வாக்கும் மட்டுமே. தொப்பிகள், குல்லாய்கள் என்று இரண்டு கட்சிகள் உருவாகிப் போட்டியிட்டன. 1756இல் அரசி லோவிசா உல்ரிகா மகுட நகைகளை அடகு வைத்துக் கவிழ்ப்புக்குத் திட்டமிட்டது அம்பலமானது. உடன் நின்ற பிரபுக்களின் தலை போனது. அரசர் கையெழுத்திட மறுத்தால் அவருடைய பெயர் முத்திரையைக் குத்திக்கொள்ளலாம் என்றும் அவை முடிவு செய்தது. 1766 டிசம்பரில், பின்லாந்துப் பகுதியைச் சேர்ந்த பாதிரியார் ஆண்டெர்ஸ் சிடேனியுஸ் போன்றவர்களின் முயற்சியால் அச்சுச் சுதந்திரச் சட்டம் வந்தது.

ஆனாலும் உயர் பதவிகள் பிரபுக்களிடமே இருந்தன. கீழ்ப் பிரிவுகள் அதை உரக்கக் கேள்வி கேட்டபோது அவை இரண்டுபட்டது. அந்தச் சந்தர்ப்பத்தில் 1772 ஆகஸ்ட் 19 அன்று அரசர் 3ஆம் குஸ்தாவ், தன்னோடு நின்றவர்களை இடக்கையில் வெள்ளைத் துணி கட்டச் சொல்லி, ஆலோசகர்களை அறைக்குள் பூட்டி, உயிர்ச்சேதமின்றி அதிகாரத்தைப் பிடித்தார். 1789இல் அவர் 11ஆம் கார்லின் பழைய வழிக்கே திரும்பினார். பிரபுக்களின் தலைவர்களைச் சிறைப்பிடித்து, மற்ற மூன்று பிரிவுகளின் ஆதரவோடு ஒரு சட்டம் கொண்டுவந்தார். சாமானியருக்குப் பெரும்பாலான பதவிகளும் பெரும்பாலான நிலமும் திறந்துவிடப்பட்டன; அரசரின் அதிகாரமும் கூடியது. 1792 மார்ச் 16 அன்று ஸ்டாக்ஹோம் இசை நாடக அரங்கின் முகமூடி நடனத்தில், பிரபுக்களின் சதியில் சேர்ந்த யாகொப் யோஹான் ஆங்கர்ஸ்ட்ரோம் அவரைச் சுட்டார். மார்ச் 29 அன்று அரசர் இறந்தார்.

அவையில் ஓர் இடம் செய்த வேலை

1680, 1789 இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் அரசர் குடியானவரின் ஆதரவோடு பிரபுக்களை அடக்கினார். இரண்டு முறையும் தன் அதிகாரத்தைப் பெருக்கிக்கொண்டார். பலம் மிகுந்த பிரபுக்களுக்கு எதிராகக் கிடைக்கும் ஒரே துணை அரசர் என்றால், அவரிடம் அளவுக்கு மீறி ஒப்படைத்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. சுவீடன் குடியானவர்கள் அந்த ஆபத்தில் விழுந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது.

அதே நேரம், அவர்கள் ஆதரவுக்கு ஒரு விலை இருந்தது. கேட்டதைக் கொடுக்காமல் அதைப் பெற முடியவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் போரும் பெருநிலமும் சேர்ந்து குடியானவரை நிலத்தோடு பிணைத்த அதே நூற்றாண்டில், சுவீடனின் குடியானவர் பிணைபடாமல் தப்பியதற்கு அரசர்களின் கருணையோ பிரபுக்களின் பெருந்தன்மையோ காரணமில்லை. வரி போட வேண்டுமா, போருக்கு ஆள் வேண்டுமா, நிலத்தை மீட்க வேண்டுமா, எதற்கும் அவர்களின் பிரிவு சரி என்று சொல்ல வேண்டியிருந்தது. நான்கு பிரிவு அவை 1866இல் இரண்டு சபை நாடாளுமன்றத்துக்கு வழிவிட்டபோது, அந்தப் புதிய நாடாளுமன்றத்தில் உழவர்கள் உடனே வலுவான அணியாக நிற்க முடிந்ததற்கும் இந்தப் பழக்கமே அடித்தளம். வாக்கு என்பது எப்போதாவது தவறாகப் பயன்படலாம். ஆனால் அது கையில் இல்லாதவரின் நிலத்தைப் பற்றி மற்றவர்கள்தான் முடிவெடுப்பார்கள்.