பிடி விட்ட கண்ணாடி

உதிரிச் சில்லு வைக்கும் குழிக்குள் தண்ணீர் நின்றது. கம்பளத்தைத் தூக்கியதும் ஈரச்சாக்கு மணம் எழும்பியது. குழியின் ஓரத்தில் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

“அங்கிள், கதவு ரப்பர் ரெண்டு தரம் மாத்தீட்டன். அப்பவும் தண்ணி வருது. எங்கயால வருது எண்டுதான் தெரியேல்லை” என்றான் பையன். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன், இருபத்தாறு வயது. கார் 1987ஆம் ஆண்டு போர்ஷ 944. அவனைவிட மூத்தது.

நான் இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாகக் கார்களுக்குக் கண்ணாடி பூட்டுகிறவன். ரப்பரை நான் பார்க்கவே இல்லை. பின்கதவைத் திறந்து, கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு கட்டைவிரலையும் அதைத் தாங்கும் உலோகச் சட்டத்தில் மற்றக் கட்டைவிரலையும் வைத்து மெதுவாக விரித்தேன். கண்ணாடி அசைந்தது, சட்டம் நின்ற இடத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. வங்கி அட்டை ஒன்றைச் செருகினேன், முக்கால்வாசி உள்ளே போய்விட்டது.

“தம்பி, ரப்பர் நல்லா இருக்கு. கண்ணாடிதான் கழண்டு போச்சு.”

அவன் முகம் விழுந்துவிட்டது. கண்ணாடி என்றதும் புதிதாக வாங்கவேண்டும் என்று நினைத்துவிட்டான். இந்த வருத்தத்தோடு வருகிற எல்லோருக்கும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, சட்டத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் பிடித்துவைத்திருந்த பசை செத்துவிட்டது. பசையை மாற்றலாம். ஆனால் அது ஏன் செத்தது என்று கண்டுபிடிக்காமல் மாற்றினால், சில வருடத்தில் இதே குழியில் இதே தண்ணீர் நிற்கும்.

இந்தக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கூரை முடியும் இடத்தில் தொடங்கி வால்வரைக்கும், இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் ஒரே கண்ணாடி. மீன்தொட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். போர்ஷ நிறுவனம் முதலில் ஃபோக்ஸ்வாகனுக்காக வடிவமைத்து, பிறகு தன் பெயரிலேயே விற்ற 924 என்ற காரில்தான் இந்தக் கண்ணாடி வந்தது. அது 1976ஆம் ஆண்டு மாடல். வடிவமைத்தவர் ஹார்ம் லகாய் என்ற டச்சுக்காரர். ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரில் அவுடியின் ஆலையில் கட்டினார்கள். அதன் வழிவந்த 944 அகலமான உடம்போடு 1982இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த 968, 1995 வரை இதே கண்ணாடி வளைவைக் கொண்டுபோனது. அழகான வளைவு. பின்கண்ணாடியில் இவ்வளவு துணிவு காட்டிய கார்கள் குறைவு என்பதுதான் என் எண்ணம்.

அந்தத் துணிவுக்கு ஒரு விலையும் உண்டு. சாதாரண ஹட்ச்பேக் கார்களில் பின்கதவு தகட்டால் ஆனது, அதன் நடுவில் ஒரு ஜன்னல் இருக்கும். கதவின் பாரத்தைத் தகடு சுமக்கும், கண்ணாடி சும்மா உட்கார்ந்திருக்கும். 944இல் கண்ணாடிதான் கதவு. அதன் அடியில் ஓரத்தைச் சுற்றி ஒல்லியான சட்டம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. மேலே கீல்கள், பக்கவாட்டில் கதவைத் தூக்கிப்பிடிக்கும் இரண்டு காஸ் ஸ்ட்ரட்கள், கீழே இரு மூலையிலும் பூட்டுக்குள் இறங்கும் இரண்டு முளைகள், எல்லாம் அந்தச் சட்டத்தில்தான். ஒட்டுப்பசை மட்டும் இல்லையென்றால், கார் வேறு, கண்ணாடி வேறு.

கதவை மூடிவைத்திருக்கும்போதுகூட அந்தப் பசைக்கு ஓய்வில்லை. ஸ்ட்ரட் இரண்டும் சட்டத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். முளை இரண்டும் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். சட்டம் கொஞ்சம் வளையப் பார்க்கும், கண்ணாடி வளையாது. அந்த இழுபறி இரவும் பகலும் பசைமேல்தான். இதற்குள் இந்த ஊர்க் காலநிலையையும் சேருங்கள். தையில் உறைநிலைக்குக் கீழே இருபது பாகை, ஆடியில் கண்ணாடிமேல் கை வைக்க முடியாத சூடு. சூட்டில் உலோகம் கண்ணாடியைவிடக் கூடுதலாக விரியும், குளிரில் கூடுதலாகச் சுருங்கும். வருடத்துக்கு வருடம் பசை இரண்டு பக்கமும் இழுபட்டு, இறுகி, காய்ந்த ரொட்டி ஓரம்போல வெடிக்கும்.

ஆனால் பையனின் காரில் இடப்பக்கம் மட்டும் விட்டிருந்தது. வயதால் மட்டும் என்றால் இப்படி ஒரு பக்கமாக விடாது. நான் அவனை முன்னால் உட்காரவைத்து, கதவு திறக்கும் சுவிட்சை அழுத்தச் சொன்னேன். மோட்டர் உறுமியது. வலது முளை “டக்” என்று விடுபட்டு அந்த மூலை எழும்பியது. இடது முளை விடவில்லை. அழுத்தி இரண்டு விநாடி கழித்துத்தான் விட்டது. அந்த இரண்டு விநாடியும் ஒரு ஸ்ட்ரட் வலது பக்கத்தைத் தூக்க, பூட்டு இடது பக்கத்தைப் பிடித்திழுக்க, கதவு ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குப்படுகிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இதேதான். பசை செத்ததற்குக் காரணம் அந்த முளை. அதன் உயரத்தைத் திருகித் திருத்தலாம், ஒரு சாவியும் பத்து நிமிடமும் போதும். யாராவது அதைப் பத்து வருடத்துக்கு முன் செய்திருந்தால் இந்தக் கண்ணாடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பையனிடம் இன்னொன்றும் காட்டினேன். பிளவுக்குள் பளபளவென்று தெரிந்த கறுப்புக் கோடு. முன்பு காரை வைத்திருந்த யாரோ குளியலறைச் சிலிக்கோனைக் குழாயோடு பிதுக்கி, விரலால் தடவி விட்டிருக்கிறார்கள். கார்க் கண்ணாடி ஒழுகுகிறது என்று கடைக்கு ஓடுகிற எல்லோரையும் நான் கையெடுத்துக் கேட்பது இது: சிலிக்கோன் வேண்டாம். தண்ணீரைக் கொஞ்ச நாள் மறிக்கும், பாரத்தைத் தாங்காது. அதைவிடக் கேடு, அது போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அந்தப் படலத்தின்மேல் வேறு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. ஐந்து டொலர் சிலிக்கோனைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பகல் போனது.

வேலையை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்தோம். யூன் மாதம் இந்த வேலைக்கு நல்ல மாதம். இதற்கும் முன்கண்ணாடி ஒட்டுகிற யூரிதேன் பசைதான். அது வெயிலில் உலர்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகும். பனிக்காலத்தில் ஹீட்டர் போட்ட கராஜில் காற்று வறண்டு கிடக்கும், பசை இறுக மறுக்கும்.

முதலில் கதவுக்கு ஒரு மரத்தடியை முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்ட்ரட்களைக் கழற்றினோம். முட்டில்லாமல் கழற்றினால் அந்தக் கண்ணாடி தலையில் வந்து விழும். அடுத்து பனியுருக்கும் கம்பிகளின் இணைப்பு, கறுப்பு ஸ்பொய்லர், கீல்கள். பிறகு இருவரும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி, பழைய மெத்தை விரித்த மேசையில் கவிழ்த்து வைத்தோம்.

“கண்ணாடியின்ரை விளிம்பிலை இரும்பு முட்டவே கூடாது. கவனமாப் பாரும்” என்றேன்.

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டிச் செய்தது. கல்லடித்தால் விரிசல் விடும், விழாது. பின்கண்ணாடி அப்படியல்ல. அறுநூறு பாகைக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்துக் குளிரவைத்த ஒற்றைக் கண்ணாடி. வெளித்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே பிறகு சுருங்கும்போது தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கண்ணாடியின் முகத்தில் அடித்தால் தாங்கும். விளிம்பில் ஒரு சின்னக் கீறல் ஆழமாகப் போனால் அத்தனை இறுக்கமும் ஒரே நொடியில் அவிழ்ந்து முழுக் கண்ணாடியும் சீனிக்கற்கண்டாகிவிடும். நாற்பது வருடக் கண்ணாடி அப்படிப் போவதை ஒருதரம் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்துக்குப் பிறகு கராஜில் யாரும் பேசவில்லை.

ஒட்டியிருந்த பக்கத்தை அறுக்க முறுக்குக்கம்பிதான் சரி. கம்பியைப் பசையின் நடுவே ஊசியால் கோத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மரம் அரிவதுபோல இங்கும் அங்கும் இழுக்கவேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் சட்டம் வளையும். வளைந்த சட்டம் பிறகு எந்தப் பசைக்கும் அடங்காது. பிரிந்ததும் பார்த்தால், வலது பக்கப் பசை இன்னும் ரப்பர்போல இழுபட்டது. இடது பக்கம் நகத்தால் சுரண்ட உதிர்ந்தது.

அதன் பிறகு அன்று முழுக்கத் துப்புரவு. வாசிப்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும், ஆனால் வேலையே இதுதான். சாதாரணமாக முன்கண்ணாடி மாற்றும்போது பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் விட்டுவைத்து அதன்மேல் புதிதை இடுவோம். நல்ல பழைய பசைமேல் புதுப்பசை நன்றாகப் பிடிக்கும். இங்கே நல்ல பசை பாதிதான், மற்றப் பாதி சிலிக்கோன் பூசியது. ஆகையால் எல்லாவற்றையும் எடுத்தோம். கண்ணாடியில் புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து, சட்டத்தில் பிளாஸ்டிக் சுரண்டி, பிறகு மெல்லிய உரைதாள். துரு தெரிந்த இரண்டு இடத்தில் உலோகம் வெளுக்கும்வரை. பிறகு ஆல்கஹோல் தோய்த்த துணியால் ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு அடுத்த துணி. ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

மூன்றாவது தரம் துடைத்ததும் பையன் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று பார்க்க விரலை நீட்டினான்.

“கையை எடும், தம்பி!”

கத்திவிட்டேன். பிறகு ஏன் என்று சொன்னேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு வானுக்குப் பின்கண்ணாடி பூட்டினேன். மூன்று கிழமையில் ஒழுகுகிறது என்று திரும்பி வந்தது. அறுத்துப் பார்த்தேன். பசை எல்லா இடமும் பிடித்திருந்தது, ஓரிடத்தைத் தவிர. அந்த இடத்தில், பசையின்மேல், நான்கு விரல் பதிந்திருந்தது. துடைத்த பிறகு கண்ணாடியைத் தூக்கியபோது என் வெறுங்கை பட்ட இடம். ரேகைகூடத் தெரிந்தது. அன்றிலிருந்து கையுறை போடாமல் நான் கண்ணாடி தொட்டதில்லை. கையுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. யூரிதேனில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அது தோலிலும் மூச்சிலும் படப் படச் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வீட்டில் செய்து பார்க்கப்போகிறவர்கள் கராஜ் கதவைத் திறந்துவைக்கவேண்டும்.

சுத்தமான இடத்தில் பிரைமர் பூசினோம். மை போன்ற கறுப்புத் திரவம், மெல்லிய ஒரே பூச்சு. பசைக்குப் பிடிமானம் தரும், வெயிலின் புறஊதாக் கதிர் கண்ணாடி வழியே வந்து பசையைத் தின்னாமல் மறைக்கவும் செய்யும். இப்போதைய கார்க் கண்ணாடிகளின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதே, அதுவும் அழகுக்கு மட்டும் அல்ல, இதற்குத்தான்.

பசை இட்டது பத்து நிமிட வேலை. 310 மில்லிலீற்றர் குழாய் இரண்டு தயாராக வைத்திருந்தேன், பாதிச் சுற்றில் தீர்ந்துபோனால் அந்த மூட்டுத்தான் நாளைக்கு ஒழுகும். குழாயின் வாயை ‘வி’ வடிவில் வெட்டினால் பசை முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும். அதன் கூர் கண்ணாடியில் முதலில் பட்டு, அமர அமர இரு பக்கமும் பரவும், நடுவில் காற்று மாட்டாது. மூலையில் தொடங்கவோ முடிக்கவோ கூடாது, நேரான பக்கத்தின் நடுவில் தொடங்கி அங்கேயே வந்து சேரவேண்டும். இடையிடையே சின்ன ரப்பர்த் துண்டுகள் வைத்தோம், பாரத்தில் பசை முழுவதும் பிதுங்கி வெளியே போய்விடாமல் இருக்க. கழற்றுமுன் நாடா ஒட்டிக் குறித்துவைத்த அடையாளங்களைப் பார்த்து, கண்ணாடியை ஒரே தரத்தில் இறக்கினோம். இறக்கிய பிறகு இழுத்து நகர்த்தக்கூடாது. மென்மையான பட்டிகளால் கட்டி வைத்தோம்.

“நாளைக்குப் பூட்டலாமோ அங்கிள்?”

“அடுத்த சனி.”

யூரிதேன் வெளியிலிருந்து உள்ளே இறுகும். நல்ல ஈரக்காற்றில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மில்லிமீற்றர். மேலே தொட்டால் மதியமே காய்ந்திருக்கும், உள்ளே இன்னும் பசுமண். அந்த நிலையில் ஸ்ட்ரட்டை மாட்டினால் அது முதல் தள்ளிலேயே பிடியைக் கிழித்துவிடும். அவன் ஒரு கிழமையும் பொறுத்தான், அதற்காக அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்த சனி கதவைப் பூட்டியதும் முதல் வேலை முளைகள். காற்சுற்று, அரைச்சுற்று என்று திருகி, சுவிட்சை அழுத்தச் சொல்லி, திரும்பத் திரும்பக் கேட்டேன். “டக்-டக்” என்று இரண்டாகக் கேட்டால் சரியில்லை. ஒன்பதாவது தரமோ பத்தாவது தரமோ ஒரே “டக்” கேட்டது, இரண்டு மூலையும் சேர்ந்தெழுந்தன. ஒரு மூலையைப் பிடித்து அடித்து மூடாமல், இரு கையையும் அகல வைத்துச் சமமாக அமர்த்தி மூடும்படி அவனிடம் சொன்னேன்.

பிறகு சில்லுக்குழியிலும் பக்கவாட்டுப் பள்ளங்களிலும் பத்திரிகைத் தாள் விரித்தோம். அவன் டோர்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டான். நான் குழாய்த் தண்ணீரை முதலில் கீழ் ஓரத்தில், பிறகு பக்கங்களில், கடைசியாக மேல் கீல்களில் என்று இருபது நிமிடம் மெதுவாக விட்டேன். மேலிருந்து தொடங்கினால் எங்கிருந்து ஒழுகியது என்று தெரியாமல் போகும்.

கண்ணாடியைச் சுற்றி ஒரு சொட்டு இல்லை. குழித் தாள் மொறுமொறுவென்று இருந்தது. இடப்பக்கப் பள்ளத்தில் மட்டும் தாளின் ஒரு மூலை நனைந்திருந்தது. பையன் பதறிப்போய் வெளியே வந்தான். டோர்ச்சை வாங்கிப் பார்த்தேன். ஈரம் பின்விளக்கின் பின்னாலிருந்து கோடுபோல இறங்கியிருந்தது. விளக்கைச் சுற்றியிருந்த கடற்பஞ்சு ரப்பர் கையில் எடுத்தால் பொடியாகிற நிலை.

“இது வேறை. ரெண்டு விளக்குக்கும் புது ரப்பர் வாங்கிக்கொண்டு வாரும், அடுத்த கிழமை பாப்பம்.”

“சிலிக்கோன்…” என்று தொடங்கினவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.