கம்ப்யூட்டரிடம் தோற்ற விமானக் கம்பெனி!

சந்தையில் கீரை விற்பவள் பொழுது சாயச் சாய விலையைக் குறைப்பாள். மறுநாள் அந்தக் கீரை எதற்கும் உதவாது என்பது அவளுக்குத் தெரியும். ஆகாய விமானத்தில் காலியாகக் கிடக்கும் ஆசனமும் கீரை மாதிரிதான். விமானம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் அந்த ஆசனத்தைக் காசாக்க முடியாது. ஆசனம் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் எரிபொருள், விமானிகளின் சம்பளம், கடனுக்கு வட்டி ஆகிய செலவுகளில் பெரிய வித்தியாசம் இராது.

அப்படியானால் விமானக் கம்பெனியும் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கலாமே? அங்கேதான் சங்கடம். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர் பெரும்பாலும் அவசர வேலையாகப் போகும் வியாபாரி. கேட்டதைக் கொடுப்பார். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் பாட்டியோ பல நாள் முன்பே தேதி குறித்துவிடுவாள். ஆனால் மலிவாக இருந்தால்தான் வருவாள். இந்த இருவரையும் ஒரே விமானத்தில் ஏற்றுவது எப்படி?

பஸ் பிரயாணிகள் விமானம் ஏறினார்கள்

அமெரிக்காவில் உள்நாட்டு விமானக் கட்டணங்கள் வெகுகாலம் சர்க்காரின் பிடியில் இருந்தன. 1978-ல் அந்தப் பிடியைத் தளர்த்தச் சட்டம் வந்தது. 1981 ஏப்ரலில், நியூயார்க்குக்கு அருகிலுள்ள நியூவார்க்கிலிருந்து 'பீப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற புதுக் கம்பெனி பறக்கத் தொடங்கியது. தலைவர் டொனால்ட் பர்.

டிக்கெட் பணத்தை விமானத்துக்குள்ளேயே வசூலித்தார்கள். சாப்பாடு வேண்டுமா? தனிக் காசு. பெட்டியை ஏற்றவேண்டுமா? அதற்கும் தனிக் காசு. ஊழியர்கள் கம்பெனியின் பங்குதாரர்களாகவும் இருந்தார்கள். கட்டணமோ மிக மலிவு. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம் விமானம் ஏறினார்கள்!

கிராண்டாலின் யுக்தி

பழைய பெரிய கம்பெனியான 'அமெரிக்கன் ஏர்லைன்ஸ்' திகைத்தது. அதன் செலவு அதிகம். எல்லா டிக்கெட்டையும் மலிவாக விற்றால் திவால்தான். ஆனால் அதன் தலைவர் ராபர்ட் கிராண்டால் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. ஐ.பி.எம். கம்பெனியோடு சேர்ந்து 1960-களில் அமைத்த 'ஸேபர்' என்னும் முன்பதிவுக் கம்ப்யூட்டர்தான் அது.

எந்த விமானத்துக்கு எத்தனை வியாபாரிகள் கடைசி நேரத்தில் வருவார்கள்? பழைய கணக்குகளைப் பார்த்துக் கம்ப்யூட்டர் மதிப்பிட்டது. அத்தனை ஆசனங்களை முழு விலைக்கு ஒதுக்கி வைத்தார்கள். எப்படியும் காலியாகப் போகவிருந்த மற்ற ஆசனங்களை, முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு மட்டும் மலிவாக விற்றார்கள். 1985 ஜனவரியில் அறிவித்த இந்தக் கட்டணங்களில் சில, வழக்கத்தைவிட 70 சதவிகிதம் வரை குறைவு!

'பீப்பிள் எக்ஸ்பிரஸ்' கம்பெனியிடம் இத்தகைய கம்ப்யூட்டர் கிடையாது. ஏறக்குறைய அதே விலைக்குச் சாப்பாட்டோடு பெரிய கம்பெனி அழைத்துப் போகும்போது யார்தான் இங்கே வருவார்கள்? போதாக்குறைக்கு, 1985-ல் வாங்கிய 'ஃபிரான்டியர்' கம்பெனியின் நஷ்டமும் தலையில் விழுந்தது. 1986-ல் கம்பெனி கைமாறியது. 1987 பிப்ரவரியில் பெயரும் மறைந்தது. நம்பிப் பங்கு வாங்கிய ஊழியர்களின் சேமிப்பும் கரைந்தது.

அடுத்த ஆசனக்காரர்

கிராண்டாலின் கணக்கு இன்று உலகெங்கும் பரவிவிட்டது. சென்னையிலிருந்து டில்லிக்குப் பறக்கும்போது அடுத்த ஆசனக்காரர் கொடுத்த கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள். உங்களுடையதில் பாதியாக இருக்கலாம், இரட்டிப்பாகவும் இருக்கலாம். வயிறு எரிய வேண்டாம். மலிவு டிக்கெட்டில் வந்த பாட்டியின் பிரயாணச் செலவில் ஒரு பங்கை, அவசரமாக ஓடி வந்த வியாபாரிதான் சுமக்கிறார்.