நண்பனுக்காக தன் படையையே ‘ஏமாற்றிய’ ராஜா! மாமல்லபுரத்தில் கப்பல் கிளம்பிய கதை

செங்கல்பட்டு,

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒரு இளநீராவது குடிக்காமல் திரும்புவது இல்லை. ஆனால், 1,300 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ராஜா குடித்துவிட்டுக் கொடுத்த மிச்ச இளநீரில்தான் இந்தக் கடலில் ஒரு பெரிய கப்பல் படை கிளம்பிய கதை தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது!

அந்த ராஜா, நரசிம்மவர்ம பல்லவன். ‘மாமல்லன்’ என்பது அவருடைய பட்டப்பெயர். ஊருக்கே அந்தப் பெயர்தான். மிச்ச இளநீரை வாங்கிக் குடித்தவர், மானவர்மன். இலங்கையில் இருந்து உயிர் தப்பி வந்த இளவரசர்.

அடைக்கலம்

இலங்கை அரசர் காசியப்பனின் மகன் மானவர்மன். அப்பா இறந்த பிறகு அரியணை வேறு ஆட்கள் கைக்குப் போய்விட்டது. அங்கே இருந்தால் ஆபத்து என்று கடல் தாண்டி ஓடி வந்தார். நரசிம்மவர்மனிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மனைவி சங்காவையும் வரவழைத்துக்கொண்டார்.

ஒரு நாள் இருவரும் யானைச் சவாரி போனார்கள். தாகம் எடுத்தது. ராஜா இளநீர் குடித்தார். மிச்சத்தை மானவர்மனிடம் நீட்டினார். அவரும் ராஜ குடும்பம்தான். எச்சில் என்று முகம் சுளித்திருக்கலாம். ‘கொடுப்பவர் நண்பர் ஆயிற்றே’ என்று குடித்துவிட்டார். ராஜாவுக்கு மனம் உருகிவிட்டது. அவர் குடித்த மிச்சத்தைத் தானும் வாங்கிக் குடித்தார்! அன்று முதல் சாப்பாடு, படுக்கை, ஆசனம் எல்லாவற்றிலும் இருவரும் சரி சமம்.

இது பாட்டி கதை அல்ல. மகாவம்சம் என்ற இலங்கையின் பழைய வரலாற்று நூலில் 47-வது அத்தியாயத்தில் இருக்கிறது.

‘நீ வராதே’

அந்தச் சமயம் சாளுக்கிய ராஜா படை எடுத்து வந்தார். நரசிம்மவர்மன் நண்பனை யுத்தத்துக்கு அழைக்கவில்லை. “இவன் செத்துப்போனால் இவனுக்கு நாடு வாங்கிக் கொடுப்பது எப்படி?” என்பது அவர் கவலை.

மானவர்மன் கேட்கவில்லை. “நண்பன் சண்டையில் இருக்கும்போது நான் மட்டும் உயிரோடு இருந்து என்ன பயன்?” என்று பின்னாலேயே போய்ச் சண்டையில் குதித்தார். பல்லவருக்கு வெற்றி!

சாளுக்கியருடன் தாம்பரம் பக்கத்தில் உள்ள மணிமங்கலத்தில் நடந்த சண்டையைப் பல்லவர் செப்பேடு குறிப்பிடுகிறது. பிறகு 642-ம் ஆண்டு வாக்கில், சாளுக்கியரின் தலைநகரான வாதாபியே பிடிபட்டது.

முதல் பயணம் தோல்வி

சொன்ன சொல்லை ராஜா மறக்கவில்லை. படை கொடுத்தார். மானவர்மன் கடல் தாண்டி இலங்கையில் வெற்றியும் பெற்றார். அப்போது, ‘நரசிம்மவர்மனுக்கு உடம்பு ரொம்ப மோசம்’ என்று செய்தி வந்தது. பல்லவ வீரர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். தனியாக இருந்தால் தலை போய்விடும் என்று மானவர்மனும் கூடவே வந்துவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை!

முரசு ஒலித்தது

இரண்டாவது தடவை ராஜா ஒரு தந்திரம் செய்தார். தான் கரையில் இருந்தால் வீரர்கள் பழையபடி திரும்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எனவே, தானும் இலங்கைக்குப் போவது போல் காட்டிக்கொண்டார்.

கடற்கரையில் தன் ஆடை ஆபரணங்களை மானவர்மனிடம் கொடுத்தார். அவற்றை அணிந்து மானவர்மன் கப்பல் ஏறினார். முரசு ஒலித்தது. “ராஜாவே கப்பல் ஏறிவிட்டார்!” என்று வீரர்கள் ஒருவர் விடாமல் ஏறிவிட்டார்கள். இந்த முறை மானவர்மனுக்கு அரியணை கிடைத்தது. அவருடைய வம்சம் வெகு காலம் இலங்கையை ஆண்டது.

பல்லவரின் பெரிய துறைமுகம் மாமல்லபுரம் என்பதால் கப்பல்கள் இங்கிருந்துதான் கிளம்பின என்று வரலாற்று ஆசிரியர்கள் கொள்கிறார்கள். ஆண்டு எது என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. ஆனால் நரசிம்மவர்மன் இலங்கையை வென்றதைப் பல்லவரின் காசாக்குடி செப்பேடும் சொல்கிறது. சுமார் 640-ம் ஆண்டு காஞ்சிக்கு வந்த சீன யாத்ரிகர் யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாற்று நூலில், இங்கிருந்து இலங்கைக்குக் கடலில் 3 நாள் பயணம் என்று இருக்கிறது.

எங்கே பார்ப்பது?

செங்கல்பட்டில் பஸ் ஏறினால் மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். அங்கே இறங்கி மலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். ‘வாதாபி கொண்ட’ என்ற அடைமொழியுடன் மாமல்லன் பெயர் அந்த ஊர்க் கல்வெட்டில் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்குத்தான் ஓடுகிறார்கள். “இதுதானே மாமல்லன் கட்டின கோயில்?” என்று கேட்காத ஆள் இல்லை. இல்லை! அதைக் கட்டியது கொள்ளுப்பேரன் ராஜசிம்மன். 700-ம் ஆண்டுக்குப் பிறகு கட்டியது. மானவர்மன் கப்பல் ஏறிய அன்று அந்தக் கோயிலே கிடையாது!

கப்பலில் போனவர்கள் கடைசியாகத் திரும்பிப் பார்த்தது ஊர் நடுவே நிற்கும் பாறைக் குன்றைத்தான் இருக்க வேண்டும். அதன் உச்சியில் ஒலக்கண்ணேசுவரர் கோயில் இருக்கிறது. அதுவும் பிற்காலக் கோயில்தான். 1887-ல் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கை வெள்ளைக்காரர்கள் வைத்தது அந்தக் கோயில் மேல்தான். பக்கத்தில் கல்லால் கட்டிய கலங்கரை விளக்கம் 1904-ல் வேலை செய்யத் தொடங்கியது. டிக்கெட் வாங்கிப் படி ஏறினால் ஊரும் கடலும் ஒரே பார்வையில் தெரியும்.

அடுத்தது ஐந்து ரதம். இதில் பெரும் பகுதி மாமல்லன் காலத்து வேலை என்பது பலருடைய கருத்து. சில ரதங்களில் வேலை முடியாமல் அப்படியே நிற்கிறது. உளி பட்ட இடத்தை இன்றும் பார்க்கலாம்.

1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆன ஊர் இது. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஜின்பிங், பிரதமர் மோடியுடன் சுற்றிப் பார்த்ததும் இந்த ஊரைத்தான்.

அக்கரையிலும் அடையாளம்

கப்பல் போன இடத்திலும் அடையாளம் உண்டு. இலங்கையில் மாத்தளை பக்கம் ‘நாலந்தா கெடிகே’ என்ற கல் கோயில் பல்லவர் பாணியில் நிற்கிறது. நீர்த்தேக்கத்தில் மூழ்க இருந்ததைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மறுபடி கட்டினார்கள்.

வாதாபியை வென்றதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இளநீர் குடித்த நட்பை யாரும் கல்லில் வெட்டவில்லை. அதை எழுதி வைத்தது, அடைக்கலம் தேடி வந்தவரின் நாடு!

அடுத்த தடவை மாமல்லபுரம் போகும்போது கடற்கரையில் இளநீர் வாங்கினால், ஒரு நிமிடம் தெற்கே திரும்பிப் பாருங்கள். கப்பல்கள் போனது அந்தத் திசையில்தான்.