கொப்பிக்கு முன்னே மணல்

திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசலில் காலையில் புள்ளிமான்கள் நிற்கும். முன்பள்ளிக்குப் போகிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும். "அம்மா, இந்த மானுக்கு ஏன் கொம்பில்லை?" நேரமாகிவிட்டதென்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறோம். தரம் ஒன்றுக்குப் போகமுதல் எழுதப் பழக்கிவிட வேண்டுமென்ற பதற்றம் நமக்கு.

அந்தப் பதற்றம் பாடசாலை கேட்டு வந்ததல்ல. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் இலங்கையின் ஆரம்பக் கல்வியை மூன்று நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 அடங்கிய முதல் நிலையில் விளையாட்டுக்கே முதலிடம், அடுத்தது செயற்பாடு, எழுத்து வேலை மிகக் குறைவு. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றே ஒரு பாடமும் உண்டு. மூன்று வயதில் கொப்பியோடு கட்டிப்போட்ட பிள்ளையைவிட, மானைப் பார்த்துக் கேள்வி கேட்ட பிள்ளையே அந்த வகுப்புக்கு ஆயத்தமானது.

இந்த எண்ணம் புதிதும் அல்ல. 1840இல் ஜெர்மனியில் கல்வியாளர் ஃபுரோபெல் சிறுவர் பள்ளிக்கு வைத்த பெயருக்கே 'குழந்தைகளின் தோட்டம்' என்றுதான் பொருள். சிறுவர் கல்வியாளர் மரியா மொண்டிசோரி 1944இல் கொழும்புக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். நமக்குப் பக்கத்திலேயே, மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரில் காயப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்களை மரநிழலில், களிமண்ணோடும் கதையோடும் ஒன்றாக இருத்தியது. அது முன்பள்ளி அல்ல. ஆனால் மண்ணும் மரமும் பிள்ளை மனத்துக்கு என்ன செய்யும் என்பதைக் கிழக்கு அங்கே கண்டது.

திருகோணமலையில் பிள்ளையை இப்படிப் பழக்கப் பெரிய செலவு வேண்டாம். உப்புவெளிக் கரையில் பொறுக்கிய சோகிகளைப் பெரிது சிறிதென்று பிரித்து வைப்பது கணிதம். ஈரமணலைப் பிசைகிற விரல்களே பிறகு பென்சிலை உறுதியாகப் பிடிக்கும். கரைவலை இழுப்பவர்களைப் பார்த்துவந்து சொல்லும் கதை மொழிப்பாடம். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு நம் கடலோரத்தில் நாலு பெயர் உண்டு. முகத்தில் பட்ட காற்றின் பெயரைப் பிள்ளை மறக்காது. பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

கவனமும் வேண்டும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் முற்றத்துப் பாத்தியும் களிமண்ணும் போதும். மற்றக் காலத்திலும் அலைக்கு எட்டத்தில், வெயில் ஏறமுன், ஒரு சில பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் போக வேண்டும். மானுக்குப் பொலித்தீனோடு தீனி போடக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுக்கலாம்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தான் முதல் எழுத்தை எழுதுவிக்கிறோம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள். விரல் முதலில் தொட்டது தானியத்தையும் மண்ணையும்தான். ஏடும் கொப்பியும் பிறகுதான் வந்தன. அந்த வரிசையை நாம் குழப்பாமல் இருந்தால் போதும். திருகோணமலையில் மணலுக்குப் பஞ்சமில்லை.