சக்கரத்துக்குள் ஒரு வாசனை
முற்றத்துப் பட்டறை – 9

மாத்தூர் தொட்டிப்பாலம் பார்க்க வரும் உறவினர்களை என் ஓம்னியில்தான் கூட்டிப்போவேன். இறங்கியதும் என் முதல் வேலை கல் தேடுவது. கை பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி சரிவில் மெல்ல நகரும். பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தே ஆகவேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுள்ளவர்களுக்கு இது புரியும். இங்கே வண்டி நிறுத்தச் சமதரை கிடைப்பதே அபூர்வம்.

பட்டறையில் காட்டினேன். பின்பக்க பிரேக் ஷூவை மாற்றித் தந்தார்கள். நாலு மாதம் நன்றாக இருந்தது. பிறகு பழையபடி கல். மறுபடியும் ஷூ மாற்றினோம், மறுபடியும் நாலு மாதம். நல்ல ஷூ ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் முறை நானே கழற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

தூக்குவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓம்னியில் எஞ்சின் சுற்றுவது பின்சக்கரங்களை. கியரில் நிற்கிறது, நகராது என்று நம்பி ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினால் வண்டி உருண்டுவிடும். இரண்டு சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுழலவிடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்று, தரையில் இருப்பதை உருளவிடும். டிரம்மைக் கழற்ற வேண்டும் என்பதால் கை பிரேக்கையும் விட்டுத்தான் வைத்திருப்போம். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. தூக்கியபின் ஆக்சிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஹாலோபிளாக் கல்லை அடுக்கி முட்டுக்கொடுக்கும் பழக்கம் ஊரில் இருக்கிறது. அது விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

இரண்டு சக்கரத்தையும் தூக்கி, கியரில் போட்டு, அண்ணன் மகனிடம் இடது சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன். வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. "சித்தப்பா, இது என்ன மாயம்!" என்று கால்மணி நேரம் அதை விட்டு நகரவில்லை. டிஃபரன்ஷியலைப் பாடப் படத்தில் புரிந்துகொள்வதைவிட இது எளிது.

சக்கரத்தைக் கழற்றினால் டிரம். துரு பிடித்து இறுகியிருந்தது. டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். எட்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அவற்றில் மாறிமாறிச் சமமாக முடுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். சுத்தியலால் விளிம்பில் அறைய வேண்டியதில்லை. உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதவோ, காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

ஆனால் இடது டிரம்முக்குள் பறக்கிற தூசியே இல்லை. கறுப்புக் களிம்பு. ஷூவின் லைனிங் நனைந்து பளபளத்தது. வீல் சிலிண்டர்தான் ஒழுகுகிறது, பிரேக் ஆயில் என்று நினைத்தேன். மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதில் மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டுட்டு மோந்து பாரும் ஓய்" என்றார்.

மோந்தேன். கந்தக நெடி, மூக்கை விட்டுப் போகாத நெடி. பிரேக் ஆயிலுக்கு அந்த வாசனை கிடையாது. பல்சக்கரங்கள் அழுத்தத்தில் தேயாமல் இருக்க கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். இது அதன் வாசனை. ஒழுகியது பிரேக் அல்ல, ஆக்சில். ஆக்சில் குழாயின் நுனியில் இருக்கும் ஆயில் சீல் தேய்ந்து, டிஃபரன்ஷியல் எண்ணெய் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் பெட்ரோலில் கழுவியும் திரும்ப மாட்டுபவர்கள் உண்டு. மேலே காய்ந்தது போலத் தெரியும். சூடேறியதும் உள்ளே ஊறியது திரும்பக் கசியும். அதை எறிந்துவிட வேண்டியதுதான்.

"சீலு போச்சு, சரி. ஏன் போச்சு? மூச்சுக்குழாயப் பாத்தீரா?"

ஆக்சில் ஹவுசிங்கின் மேல் முதுகில் விரல்நுனி அளவில் ஒரு பிரீதர் இருக்கிறது. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. ஓட ஓட எண்ணெயும் உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரியும். அந்தக் காற்று வெளியேறும் வழி அது. விரலால் தடவினேன். செங்கல் போல இறுகிய செம்மண். குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர் தோட்டச் சாலைகளின் மழைச்சேறு. ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது, சேற்றுக்குப் பஞ்சமில்லை. வழி அடைபட்ட காற்று எண்ணெயை சீலின் உதடு வழியாக நெருக்கித் தள்ளியிருக்கிறது. இரண்டு தடவை ஷூவுக்குக் கொடுத்த காசு, சுரண்டியெடுத்தால் ஒரு சிட்டிகை வராத மண்ணுக்காகப் போனது. அன்று இரவு எனக்கு அதே நினைப்புதான்.

டிஃபரன்ஷியலில் முதலில் மேலே இருக்கும் நிரப்பும் மூடியைத் திறந்துவிட்டு, அதன்பிறகு கீழ்மூடியைத் திறக்க வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு மேல்மூடி துருவில் மாட்டிக்கொண்டால் வண்டி முற்றத்திலேயே கிடக்கும். பிரேக் குழாயையும் கை பிரேக் கேபிளையும் விடுவித்து, பின்தட்டின் நட்டுகளைக் கழற்றினேன். ஷாஃப்டை இழுக்கத் தனிக் கருவி உண்டு, என்னிடம் இல்லை. டிரம்மைத் திருப்பிப் போட்டு, நட்டுகளை நுனியில் மட்டும் பிடிக்கவிட்டு, வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுத்து இடித்தேன். ஏழாவது இடிக்கு அசைந்தது. வெளியே வரும்போது உள்ளங்கையால் தாங்கிக்கொண்டேன்.

பேரிங்கும் ஆடியது. அது ஷாஃப்டில் அழுத்தி ஏற்றப்பட்டது, அதைப் பிடித்திருக்கும் வளையத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு வீட்டில் இடமில்லை. பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொடுத்தேன். சீல் வாங்க நாகர்கோவிலுக்குப் போனபோது பழையதைக் கையோடு கொண்டுபோனேன். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அதன் முகத்திலேயே பொறித்திருக்கும்.

புது சீலைச் சாயாமல் மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினேன். உதட்டில் கொஞ்சம் கிரீஸ். பிறகு வந்ததுதான் இந்த வேலையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த நிமிடம்: ஷாஃப்ட் நுனியின் கூர்மையான பற்கள் சீலின் உதட்டைத் தொடாமல் உள்ளே போக வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் வீண். இரண்டு கையாலும் ஏந்தி, நூல் பிடித்தது போல நேராகச் செலுத்தினேன். பற்கள் உள்ளே போய்ப் பொருந்தியதும் 'ளக்' என்று ஒரு சத்தம் வந்தது.

ரப்பர் விளையும் ஊர்க்காரர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். இரண்டு ரப்பரும் ஒன்றல்ல. ஆயில் சீல் நைட்ரைல் ரப்பர், கனிம எண்ணெயிலேயே கிடந்து வாழும். வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பரோ மண்ணெண்ணெய், டீசல் பட்டாலே ஊதிப் போகும். இயற்கை ரப்பரைக் கெடுக்காது என்பதற்காகத்தான் அந்தக் காலத்து பிரேக் ஆயிலில் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்தார்கள். ஆகவே பிரேக் பாகத்தைக் கழுவ மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள். ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்தால், ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டும் என்பதற்குத் திறக்காத பக்கம் சாட்சியாக இருக்கும்.

கடைசியாகக் காற்றெடுப்பது. அண்ணன் மகன் சீட்டில், நான் இடது சக்கரத்தடியில்.

"சவுட்டு மக்கா... சவுட்டிப் பிடிச்சுக்கோ. நான் சொல்லாம விடாத."

நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் குழாய் வழியாகக் குமிழிகள் பாட்டிலில் கொப்பளிக்கும். மூடியபிறகே பெடலை விட வேண்டும். இருபது முறைக்கு மேல் சவுட்டினான். குமிழி நின்று பெடல் கல்லாக இறுகியது. புதிதாகத் திறந்த டப்பா பிரேக் ஆயிலையே ஊற்றுங்கள். டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் அது 140 வரை இறங்கிவிடும். நம் கடலோரக் காற்றில் மூடி திறந்து கிடந்த டப்பாவை நம்ப முடியாது.

இருநூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இடது டிரம்மைத் திறந்தேன். சாம்பல் நிறத் தூசி மட்டும், உலர்ந்து கிடந்தது. வலது டிரம்மையும் திறந்து பார்த்தேன். பின்தட்டின் கீழ் விளிம்பில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு. தொட்டு மோந்தேன். அதே கந்தகம்.

(தொடரும்)